விஷன் இன்ஷூரன்ஸில் கண்ணாடி வாங்கிய அனுபவம்

அமெரிக்காவில் புது வேலையில் சேர்ந்ததும் பெனிஃபிட்ஸ் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மெடிக்கல், டென்டல், விஷன் இன்ஷூரன்ஸ் எல்லாம் தனித்தனி. கண்ணும் உடம்பில்தானே இருக்கிறது, அதற்கு ஏன் தனி பிளான் என்று ஹெச்ஆரில் கேட்டேன். ஒரு பிடிஎஃப் வந்தது!

படித்துப் பார்த்தால் விஷன் பிளான் வழக்கமான கண் பரிசோதனைக்கும் கண்ணாடிக்கும்தான். கண் சிவந்து வலித்தாலோ, சர்க்கரைக்காக விழித்திரையைப் பார்க்க வேண்டியிருந்தாலோ, புரை ஆபரேஷன் என்றாலோ பில் மெடிக்கல் இன்ஷூரன்ஸுக்குப் போகும். டாக்டர் அதே டாக்டராக இருந்தாலும் சரி. அதனால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே இரண்டு கார்டு விவரத்தையும் கொடுத்து வைத்தேன்.

என் பிளானில் பரிசோதனைக்கு கோபே, அதாவது நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை, 10 டாலர், கண்ணாடிக்கு 25. ஃபிரேமுக்கு 150 டாலர் அலவன்ஸ், அதாவது அதுவரை பிளான் கொடுக்கும், அதைத் தாண்டினால் மிச்சத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. கான்டாக்ட் லென்ஸ் வாங்கினால் அந்த வருஷம் கண்ணாடிக்கு ஒன்றும் கிடையாது. வருஷம் என்பது ஜனவரியில் புதிதாகத் தொடங்குமா, போன தடவை வாங்கிய தேதியிலிருந்து 12 மாதமா என்பது பிளானுக்குப் பிளான் மாறும். இதை மட்டும் போன் போட்டே கேட்டுக்கொண்டேன்.

பணம் கரைகிற இடம் ஃபிரேம் இல்லை, லென்ஸ். நெட்வொர்க்கில் உள்ள, அதாவது பிளானோடு ஒப்பந்தம் உள்ள கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரே பவர் உள்ள சாதாரண சிங்கிள் விஷன் லென்ஸ் கோபேயோடு முடிந்துவிடும். ஆனால் கவுன்டரில் இருந்தவர் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்: மெலிசான லென்ஸ், கூச்சம் தடுக்கும் கோட்டிங், வெயிலில் கறுக்கும் வசதி. "கம்ப்யூட்டர் வேலைதானே, ப்ளூ லைட் ஃபில்டரும் போட்டுடலாமா?" என்றார். ஒவ்வொன்றுக்கும் பிளான் எவ்வளவு, நான் எவ்வளவு என்று வரி வரியாக அச்சடித்துத் தரச் சொன்னேன். காகிதத்தைப் பார்த்ததும் முடிவெடுப்பது சுலபமாகிவிட்டது. ராத்திரி கார் ஓட்டுவதால் கூச்சம் தடுக்கும் கோட்டிங்கை வைத்துக்கொண்டேன். ப்ளூ லைட் ஃபில்டரை எடுக்கச் சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டர் பார்ப்பதற்கென்று அது தேவையில்லை என்பதுதான் அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடும். மற்ற இரண்டும் எனக்கு வெறும் ஆடம்பரம்.

பரிசோதனை முடிந்ததும் கண்ணாடி பவர் சீட்டை நாம் கேட்காமலே, தனிக் கட்டணம் வாங்காமல் தர வேண்டும் என்பது அங்கே மத்திய அரசின் விதி. அதை வைத்து வேறு கடையிலும் வாங்கலாம். கருவிழிகளுக்கு இடையிலான தூரம், அதாவது பிடி, அந்தச் சீட்டில் இருந்தே தீர வேண்டும் என்று அந்த விதியில் இல்லை. ஆன்லைனில் வாங்க அது தேவைப்படும் என்பதால் கையோடு அளந்து எழுதி வாங்கிக்கொண்டேன்.

கைக்காசு கொடுக்க வேண்டியிருந்ததை எஃப்எஸ்ஏ கார்டில் தேய்த்தேன். எஃப்எஸ்ஏ என்பது மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்திலிருந்து ஒதுக்கி வைக்கும் கணக்கு. வரி பிடிக்காத பணம்தான், ஆனால் காலக்கெடு உண்டு. செலவழிக்காமல் விட்டால் பெரும்பாலும் போனதுதான்.