சைக்கோசிஸ் மீட்சி ஆய்வு: மூளை வலையையும் அறிகுறி வலையையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க

மாயக்குரல், தவறான நம்பிக்கை போன்றவை வரும் மனநோய் நிலையான சைக்கோசிஸிலிருந்து மீள்வதை வலையமைப்புகளாக ஆராய முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவர்களை முதலில் தடுமாற வைப்பது ‘வலையமைப்பு’ என்ற சொல்தான். மூளை வலையமைப்பில் கணு (வலையின் ஒரு புள்ளி) என்பது மூளையின் ஒரு பகுதி. ஒருவர் எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளைச் செயல்பாட்டைப் படமெடுக்கும்) ஸ்கேனரில் படுத்திருக்கும் பத்து நிமிடத்தில் இரு பகுதிகளின் சமிக்ஞைகள் எந்த அளவுக்குச் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதுதான் இணைப்பு. அறிகுறி வலையமைப்பில் மாயக்குரல், சந்தேகம், பதற்றம் ஆகியவை கணுக்கள். நூற்றுக்கணக்கானவர்களிடம் ஒருமுறை எடுத்த மதிப்பெண்களில், மற்ற அறிகுறிகளின் பங்கைக் கழித்தபின் மிஞ்சும் தொடர்பு இங்கே இணைப்பு. முன்னது ஒரே ஆளுக்குள் நடப்பது. பின்னது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு. இரண்டு படங்களையும் அருகருகே வைத்து “மூளையிலும் இணைப்பு தளர்ந்தது, அறிகுறிகளிலும் தளர்ந்தது” என்று எழுதினால், வாய்மொழித் தேர்வில் அந்த ஒரு வரியிலேயே சிக்கிக்கொள்வீர்கள்.

அடுத்தது, மீட்சி என்று எதைச் சொல்கிறீர்கள்? 2005-இல் மனநல மருத்துவர் ஆன்ட்ரியாசென் குழு வெளியிட்ட அளவுகோலின்படி, பான்ஸ் அளவையில் (அறிகுறிகளின் கடுமையை 30 உருப்படிகளில், ஒவ்வொன்றையும் 1 முதல் 7 வரை மதிப்பிடும் நேர்காணல் அளவை) குறிப்பிட்ட 8 உருப்படிகளும் 3 அல்லது அதற்குக் கீழே, 6 மாதம் தொடர்ந்து இருக்க வேண்டும். அது அறிகுறித் தணிவு மட்டுமே. மீட்சி என்று எழுதினால் வேலை, படிப்பு, உறவுகள் ஆகியவற்றையும் அளந்திருக்க வேண்டும். பான்ஸில் ஒவ்வொரு உருப்படியும் 1-இல் தொடங்குவதால் மொத்த மதிப்பெண் 30-க்குக் கீழே போகாது. சதவீத மாற்றம் கணக்கிடும்போது அந்த 30-ஐக் கழித்துவிடுங்கள். 90-லிருந்து 60-க்கு இறங்கியவரின் முன்னேற்றம் 33% அல்ல, 50%. இன்னொன்றும் உண்டு: சமூக ஒதுக்கத்துக்கான உருப்படியை வீட்டார் அல்லது பராமரிப்பாளர் சொல்வதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அது அந்த 8-இல் ஒன்று. தனியாக வாழ்பவர்களுக்கு அந்தக் கட்டம் காலியாகவே நிற்கும். அது தற்செயலாக விடுபட்ட தரவு அல்ல. சென்னையில் ஸ்கார்ஃப் (மனச்சிதைவு ஆய்வு நிறுவனம்) போன்ற இடங்களில் பெரும்பாலும் குடும்பத்தார் கூடவே வருவதால் இந்தத் தரவு கிடைப்பது எளிது. மேற்கு நாட்டுக் கிளினிக்குகளில் அதற்கென்று தொலைபேசி நேரம் ஒதுக்க வேண்டும்.

ஆய்வேடுகள் அதிகம் சறுக்குவது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில். மொத்த மதிப்பெண் 60-க்குக் கீழே உள்ளவர்களை ‘மீண்டவர்கள்’ என்று பிரித்து, அதே உருப்படிகளை வைத்து வலை வரைந்தால் என்ன ஆகும்? அந்தக் குழுவில் ஒருவருக்குப் பதற்றம் அதிகம் என்றால், அவர் 60-க்குள் இருக்க மற்றவை குறைவாக இருந்தே தீர வேண்டும். உண்மையில் சேர்ந்தே வரும் அறிகுறிகள் எதிரெதிராகத் தெரியும், அல்லது இணைப்பே காணாமல் போகும். இதற்குப் பெர்க்சன் சார்பு என்று பெயர். கூடவே மதிப்பெண்கள் 1 முதல் 3-க்குள் நசுங்குவதால் தொடர்புகள் இன்னும் சுருங்கும். “மீண்டவர்களின் வலை தளர்வாக இருக்கிறது” என்ற கவர்ச்சியான முடிவு இப்படித்தான் பிறக்கிறது. முதல் எபிசோடில் (நோய் முதன்முறை வெளிப்பட்டபோது) ஆய்வில் சேர்ந்த எல்லோரையும் எல்லா நேரப்புள்ளிகளிலும் வைத்துக்கொண்டு, மீட்சியை வேறொரு அளவையால் வரையறுத்தால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம்.

30 உருப்படிகளையும் கணுவாக்கினால் 435 இணைப்புகளை மதிப்பிட வேண்டும். 150 பேரை வைத்து அது நடக்காது. 12 கணு என்றால் 66. ஒன்றையே இருமுறை கேட்கும் உருப்படிகளில் (தவறான நம்பிக்கையும் விசித்திர எண்ணமும் போல) ஒன்றை மட்டும் வையுங்கள், இல்லையென்றால் அவையிரண்டும் சேர்ந்து ‘மையமாக’த் தோன்றும். ஆர் மென்பொருளின் பூட்நெட் தொகுப்பில் குறைந்தது 1000 மறுமாதிரி எடுத்து நிலைத்தன்மைக் குணகத்தை (ஆட்களில் சிலரை நீக்கினாலும் முடிவு மாறாமல் நிற்கிறதா என்று காட்டும் எண்) பாருங்கள். 0.25-க்குக் கீழே இருந்தால் மையத்தன்மை (ஒரு கணு வலையில் எவ்வளவு முக்கியம் என்பது) பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம், 0.5-க்கு மேல் இருந்தால் நம்பிப் பேசலாம். கிட்டத்தட்ட எல்லோருக்கும் 1 விழும் உருப்படி இருந்தால் பாலிகோரிக் அணி (படிநிலை மதிப்பெண்களுக்கான தொடர்பு அட்டவணை) உடைந்துபோகும். தரவரிசையை வைத்துக் கணக்கிடும் ஸ்பியர்மேன் தொடர்புக்கு மாறுங்கள், அல்லது அந்தக் கணுவையே விடுங்கள்.

ஆளுக்குள் நடப்பதைப் பார்க்க விரும்பினால் கைபேசியில் நாளுக்குப் பலமுறை கேட்கும் அனுபவ மாதிரி முறைதான் வழி. இரவின் கடைசிப் பதிலையும் மறுநாள் காலையின் முதல் பதிலையும் அடுத்தடுத்தவை என்று மென்பொருள் இணைத்துவிடாதபடி நாள் எண்ணையும் அழைப்பு எண்ணையும் கொடுங்கள். இதற்கான புள்ளியியல் மாடல், காலப்போக்கில் சராசரி மாறாது என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் தேறிக்கொண்டிருப்பவருக்குச் சராசரி மாறத்தான் செய்யும், நாம் படிக்க வந்ததே அந்த மாற்றத்தைத்தான்! போக்கை நீக்கியும் நீக்காமலும் இரண்டு முறை ஓட்டி, இரண்டையும் காட்டுங்கள்.

மூளைப் பகுதியில் முதல் எதிரி தலை அசைவு. நோயாளிகள் சராசரியாக அதிகம் அசைவார்கள். மருந்தால் வரும் அகதீசியா (அசையாமல் இருக்க முடியாத தவிப்பு) இருந்தால் காலையும் தலையையும் அடக்கிவைப்பது அவர்களுக்கு உண்மையிலேயே கடினம். அசைவு வரம்பை இறுக்கினால் நோய் கடுமையாக உள்ளவர்களே வெளியே போவார்கள். ஆகவே நீக்கப்பட்டவர்களின் பான்ஸ் சராசரியைத் தனி அட்டவணையில் போடுங்கள். இணைப்புகளில் வலுவான 10% என்று விகிதத்தால் வெட்டினால், ஒட்டுமொத்த இணைப்பு குறைந்தவர்களிடம் வெறும் இரைச்சலும் உள்ளே வந்து, வலை ‘சிதறியது’ போலத் தெரியும். மருந்தின் அளவை ஓலான்சபைன் என்ற சைக்கோசிஸ் மருந்தின் சமானமாக மாற்றிக் கட்டுப்படுத்துவது வழக்கம், ஆனால் நன்றாகத் தேறியவருக்குத்தான் அளவு குறைக்கப்பட்டிருக்கும். மருந்தைக் கழித்தால் மீட்சியும் கழிந்துபோகலாம். நெதர்லாந்தின் ஹேம்லெட் ஆய்வு, தணிவு அடைந்தவர்களை மருந்தைத் தொடர்வோர், குறைப்போர் அல்லது நிறுத்துவோர் என்று சீரற்ற முறையில் பிரித்தது இந்த முடிச்சை அவிழ்க்க உதவும்.

மூளையையும் அறிகுறிகளையும் ஒரே புள்ளியியல் மாடலில் சேர்ப்பதானால், மூளைப் புறணியை 100 பகுதிகளாகப் பிரிக்கும் ஷேஃபர் வரைபடத்தின் 4950 இணைப்புகளையும் கொட்ட வேண்டாம். தாலமஸுக்கும் (மூளையின் நடுவில் உள்ள சமிக்ஞை நிலையம்) முன்நெற்றிப் புறணிக்கும் இடையிலான இணைப்பு, சேலியன்ஸ் வலையின் (எது முக்கியம் என்று கவனிக்கும் பகுதிகள்) உள் இணைப்பு என மூன்று நான்கு அளவுகளை ஆய்வின் முன்பதிவிலேயே (தரவைப் பார்க்கும் முன் திட்டத்தைப் பதிவு செய்வது) எழுதிவைத்து, அவற்றை மட்டும் கணுவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பான்ஸ் கேட்பது பொதுவாகக் கடந்த ஒரு வாரத்தைப் பற்றி. நேர்காணல் முடிந்து ஆறு வாரம் கழித்து ஸ்கேன் எடுத்திருந்தால், தேறிவரும் ஒருவரிடம் அது வேறொரு நிலையின் படம். இரண்டையும் ஒரே வாரத்தில், முடிந்தால் ஒரே நாளில் வைக்க எம்.ஆர்.ஐ. நேரத்தை முதல் ஆண்டிலேயே பேசி வாங்குங்கள்.