கிறிஸ்துமஸ் தீவுக்குப் போன நம் ஊர்க் குளவி

பினாங்கு ஜெட்டியில் ஃபெர்ரிக்குக் காத்திருந்தபோது, வானில் வட்டமிட்ட செம்பருந்தைக் காட்டி, "அது கடற்பறவையாப்பா?" என்று மகள் கேட்டாள். இல்லை என்றேன்; மனம் என்னவோ இந்தியப் பெருங்கடலில் உள்ள ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவுக்குப் போய்விட்டது.

அபாட் பூபி என்னும் கடற்பறவை உலகிலேயே அங்கு மட்டும்தான், அதுவும் நெடிய மழைக்காட்டு மரங்களின் உச்சியில், ஒற்றை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. பாஸ்பேட் எடுப்பதற்காகக் காட்டை வெட்டிய இடங்களில் சுழன்றடிக்கும் காற்று அக்குஞ்சுகளைக் கீழே தள்ளிவிடுகிறது. போதாக்குறைக்கு, வெளியிலிருந்து வந்த மஞ்சள் எறும்புகள், மரச்சாற்றை உறிஞ்சும் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீரைக் குடித்துப் பெருகி, கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்று, காட்டின் இயல்பையே மாற்றின. அந்த அரக்குப் பூச்சியை ஒடுக்க 2016-இல் அங்கே விடப்பட்டது, மலேசியாவிலிருந்து கொண்டுபோன, ஏறத்தாழ 2 மில்லிமீட்டரே உள்ள ஒரு குளவி.

"கொட்டுமா?" என்றாள். நம்மைக் கொட்டாது; அரக்குப் பூச்சிக்குள் முட்டையிடும், அவ்வளவுதான்.