சனி மாலை சேலம், ஞாயிறு காலை ஏற்காடு

பாடம் எடுக்கும் வேலைக்காக வெளியூரிலிருந்து சேலம் வந்து, அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் நிறைய. வார விடுமுறைக்கு நண்பர்கள் வந்து இறங்கினால், பையைக்கூட வைக்காமல் சனி மதியமே ஏற்காட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அது வேண்டாம். சனி மாலை மேலே கூட்டம் நெரியும், அறை வாடகை எகிறும், மழைக்காலமென்றால் மதியத்துக்கு மேல் மேகம் இறங்கி லேடீஸ் சீட் என்ற காட்சி முனையிலிருந்து ஒன்றும் தெரியாது. சனி மாலையை ஊருக்குக் கொடுங்கள். மலைக்கு ஞாயிறு விடியற்காலை போதும்.

ஊருக்குள் முதல் வேலை தட்டுவடை செட். அரிசி மாவில் சுட்ட, உள்ளங்கையைவிடச் சிறிய இரண்டு தட்டுவடை. கீழ் வடையில் காரச் சட்னியும் புதினா மல்லிச் சட்னியும் தடவி, துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம் வைத்து, மேலே இன்னொரு வடையால் மூடித் தருவார்கள். கடித்துக் கடித்துச் சாப்பிட்டால் காய் சட்டையில்தான் விழும். முழுதாக வாயில் போட வேண்டும். பீட்ரூட்டும் சட்னியும் நீர் விடுவதால் சில நிமிடத்தில் வடை நமத்துவிடும். ஆகவே ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் சொல்லாதீர்கள், பார்சலும் கட்டாதீர்கள். ஆளுக்கு ஒன்று வாங்கி, நின்ற இடத்தில் முடித்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். பிறகு தட்டுவடையை நொறுக்கிக் காயும் சட்னியும் கலந்து தரும் நொறுக்கல், முறுக்கு செட் என்று போகலாம். மே, ஜூனில் வந்தால் மல்கோவா, இமாம் பசந்து மாம்பழம். காம்புப் பக்கம் முகர்ந்து வாசம் வந்தால் மட்டும் வாங்குங்கள். நிறத்தை நம்பக் கூடாது.

ஞாயிறு காலை புதிய பஸ் ஸ்டாண்டில் முதல் பஸ்களில் ஒன்றைப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும். போகும் வழியில் ஏற்காடு ரோட்டில் ஒரு பழைய வளைவு நிற்கும். 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவாயில் அது. அத்தனை படம் எடுத்த இடத்தில் மிஞ்சியது அதுதான் என்பதால் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. தலைசுற்றும் ஆட்கள் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு முன் சீட்டில் உட்காரட்டும். போனைப் பார்த்தால் நிச்சயம் குமட்டும்.

சொந்த வண்டி என்றால் ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். கருகல் வாடை வந்தாலே ஓரங்கட்டி ஆற விட வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஏறக்குறைய முழுப் பாரமும் பிரேக்கின் மேல்தான், அதில் இருவர் உட்கார்ந்து இறங்குவதானால் நடுவில் இரண்டு மூன்று இடத்திலாவது நிறுத்துங்கள். வளைவில் ஹாரன் அடியுங்கள், ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்.

மேலே போனதும் ஏரிப் படகுக்கு வரிசை கட்டாதீர்கள். காலை வெளிச்சம் இருக்கும்போதே பகோடா பாயிண்ட் காட்சி முனையையும் சேர்வராயன் கோயிலையும் முடித்துவிடுங்கள். கோயில் குகைக்குள் இருக்கிறது. குனிந்துதான் போக வேண்டும். 5,300 அடிக்கு மேல் இருப்பதால் காற்று பலமாக அடிக்கும், மார்கழியில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. கிளியூர் அருவி மழைக்குப் பிறகுதான்; கோடையில் போனால் வெறும் பாறை.

காப்பித்தூள் வாங்காமல் இறங்க வேண்டாம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்கு வந்த பயிர் அது. பங்குனி, சித்திரையில் கோடை மழை பெய்து ஒரு வாரம் பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாய்ப் பூக்கும், மல்லிகை போல மணக்கும். அந்த நாட்கள் வாய்த்தால் வேறெந்த இடத்தையும் விட்டுவிட்டுத் தோட்ட ரோட்டில் நடங்கள். தூள் வாங்கும்போது பாக்கெட்டில் சிக்கரி (காப்பியோடு கலக்கும் ஒரு வேர்ப் பொடி) எத்தனை சதவீதம் என்று படியுங்கள். 49 வரை கலக்கச் சட்டம் இடம் தருகிறது. சிக்கரி இல்லாத தூளாகக் கால் கிலோ போதும். அரைத்த தூளின் மணம் சில வாரத்திலேயே போய்விடும்.

மாலை நாலு மணிக்கு மேல் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். மூன்று மணிக்கே பஸ் ஏறிவிட்டால் நண்பர்கள் ஜங்ஷனில் ரயிலைப் பிடிக்க அவசரப்பட வேண்டியிருக்காது.