அழுகிறவனைப் பார்ப்பதா, பார்க்கிறவர்களைப் பார்ப்பதா

மே 4, சனி

இன்று சின்னக்கடை வீதியில் வைத்து மகனை அடித்துவிட்டேன். முதுகில் இரண்டு அடி. இப்போது தூங்குகிறான், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பூ வாங்கத்தான் போனோம். மணி பன்னிரண்டரை, சேலத்து மே மாத வெயில், காலையில் அவன் தின்றது ஒரே ஒரு இட்லி. நடைபாதைக் கடையில் மஞ்சளாக ஒரு பொம்மை ஜேசிபி தொங்கியது. வீட்டிலே ரெண்டு இருக்கே கண்ணு என்று சொல்லி முடிப்பதற்குள் தரையில் விழுந்துவிட்டான், உருண்டான், செருப்பைக் கழற்றி வீசினான், தூக்கப் போனால் உடம்பை வில் மாதிரி வளைத்துக்கொண்டு நழுவினான். சுற்றிலும் ஆள் நின்றுவிட்டது. "செல்லம் குடுத்தே கெடுத்து வெச்சிருக்கீங்க" என்றார் ஒருவர். இன்னொரு அம்மா, "ரெண்டு போடு போட்டா அடங்கிடும்" என்றார். போட்டேன், அடங்கவில்லை, இன்னும் வீரிட்டான். கடைசியில் அந்த ஜேசிபியையும் வாங்கிக் கொடுத்துத்தான் ஆட்டோ ஏறினோம்.

ஒரு விஷயம் மனதை அறுக்கிறது. வீட்டில் இதைவிடப் பெரிய ரகளையெல்லாம் செய்திருக்கிறான், ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. இன்று ஓங்கினேன் என்றால் அவன் அழுததற்காக இல்லை, அத்தனை பேர் பார்த்ததற்காக.

மே 6, திங்கள்

ஐந்து ரோடு பக்கம் இருக்கும் குழந்தை மருத்துவரிடம் போனோம். ஒன்றரை வயதில் இவன் அழுது அழுது மூச்சை நிறுத்தி உதடு நீலமாகி ஒரு கணம் துவண்டுபோனதும், பரிசோதித்ததில் இரும்புச்சத்து குறைவு என்று தெரிந்து சொட்டு மருந்து கொடுத்ததும் இவரிடம்தான். இரத்தசோகை இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த மாதிரி மூச்சுப் பிடிப்பு வருவதுண்டு, அப்படி வந்தால் ஒரு முறை இரத்தத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அப்போதே சொன்னார். மருந்துக்குப் பிறகு அது வரவில்லை. ஆனாலும் இவன் உச்சத்தில் அழும்போதெல்லாம் என் கண் அவன் உதட்டுக்குத்தான் போகிறது. நான் பயந்துபோய் கேட்டதையெல்லாம் கொடுத்துப் பழக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்று அடித்ததையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒன்றிலிருந்து நாலு வயது வரைக்கும் அடம் சகஜம், கோபத்தைப் பிடித்து நிறுத்துகிற மூளையின் முன்பகுதி முழுசாக வளர இருபது வயதுக்கு மேலாகும், மூன்று வயதுப் பிள்ளையிடம் "நிறுத்து" என்றால் எதை வைத்து நிறுத்துவான் என்று கேட்டார். பசி, தூக்கம், வெயில், கூட்டம், இந்த நாலில் இரண்டு சேர்ந்தாலே போதுமாம். சனிக்கிழமை மூன்று சேர்ந்திருந்தது, அவன் தூங்குகிற நேரமும் நெருங்கியிருந்தது.

மே 9, வியாழன்

இரவு உட்கார்ந்து படித்தேன். மைக்கேல் பொட்டெகால், ரிச்சர்ட் டேவிட்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 335 பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டு எழுதிய கட்டுரை, 2003-இல் வந்தது. முக்கால்வாசி அடம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறதாம். ஐந்து நிமிடம்தானா! சின்னக்கடை வீதியில் எனக்கு அது அரை நாள் மாதிரி இருந்தது.

அப்புறம் பொட்டெகாலும் வேறு சிலரும் பிள்ளைகளின் உடையில் சின்ன மைக்கைத் தைத்து அழுகைச் சத்தத்தையே பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள், 2011-இல் வந்த ஆய்வு. கத்தலும் வீரிடலும் கோபத்தின் சத்தம், சிணுங்கலும் விசும்பலும் துக்கத்தின் சத்தம், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கின்றன. கோபம் உச்சத்துக்குப் போய் இறங்குகிறது, இறங்கினால் மிஞ்சுவது துக்கம், அப்போது பிள்ளை ஆளைத் தேடும். உச்சத்தில் இருக்கும்போது நாம் பேசப் பேச அது நீளும். நான் அன்றைக்கு எவ்வளவு பேசினேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். கெஞ்சல், மிரட்டல், சமாதானம், எல்லாமே அந்த உச்சத்தில்.

மே 12, ஞாயிறு

ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுக்காமல் வந்தான், அதுவே பெரிய நிம்மதி. சாப்பாட்டை நேரத்துக்குக் கொடுத்தேன், கிளம்பும்போதே "படகு ஒரு தடவை, மாங்காய் ஒரு பத்தை, அவ்வளவுதான் சாமி" என்று சொல்லி வைத்திருந்தேன். ஏரியில் படகிலிருந்து இறங்கும்போது முகம் சுருங்கியது, "நடந்து வர்றியா, அப்பா தூக்கிக்கட்டுமா?" என்று கேட்டதும் அப்பாவிடம் தாவிவிட்டான். சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மலை விளிம்பில் நின்று கீழே பார்க்கிற லேடீஸ் சீட் என்ற இடத்தில் ஒரு குரங்கு வந்து அவன் கையிலிருந்த மாங்காய்ப் பத்தையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

வேறு பத்தை வாங்கி நீட்டினார் என் வீட்டுக்காரர், தட்டிவிட்டான். அவனுக்கு அந்தப் பத்தைதான் வேண்டும், அந்தக் குரங்கு தின்றுகொண்டிருக்கிற அதே பத்தை. கூட்டம் முதலில் சிரித்தது, அப்புறம் ஆளாளுக்கு யோசனை சொன்னது, ஒரு பையன் போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தான். என் வீட்டுக்காரர் போய் அந்தப் போன்காரப் பையனுக்கு முன்னால் நின்று மறைத்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை, நின்றார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குரங்குகள் இல்லாத பக்கமாகப் போய், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். "குரங்கு எடுத்துக்கிச்சு. உனக்குக் கோபம்." இவ்வளவுதான் சொன்னேன். எட்டி உதைத்தான், கையைப் பிடித்துக்கொண்டேன். கீழே சேலம் முழுக்க வெயிலில் மங்கிக் கிடந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால் யாரோ ஏதோ சொன்னார்கள், காதில் விழுந்தது, திரும்பவில்லை.

சத்தம் மாறியதைக் கேட்டேன். உண்மையாகவே கேட்டது! வீரிடல் விசும்பலானது, அப்புறம் "அம்மா, என் மாங்கா" என்று மடியில் ஏறிப் படுத்துக்கொண்டான். ஆறு நிமிடம், கடிகாரம் பார்த்தேன்.

மே 18, சனி

அத்தை வந்திருக்கிறார். பஸ்ஸில் இவன் சிணுங்க ஆரம்பித்ததும் போனை எடுத்து நீட்டினார். நான் வேண்டாம் அத்தை என்றதும் அவருக்கு வருத்தம், "நாங்க பெத்து வளக்கலியா?" என்றார். அப்புறம் அடுத்த நிறுத்தத்தில் "அழுதா போலீஸ் புடிச்சுட்டுப் போயிடும்" என்று அவனிடம் சொன்னார்.

இதில் மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. வீட்டுக்கு வந்து மெதுவாகச் சொன்னேன்: புது பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் நாளைக்கு இவன் தொலைந்துபோனால் யாரிடம் போய் நிற்கணும் அத்தை, போலீஸ்காரரிடம்தானே, அவரைப் பார்த்தே ஓடி ஒளிந்தால் என்ன செய்வோம்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதுவும் நெசந்தான்" என்றார். போன் விஷயத்தில் அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பத்துத் தடவை மறுத்துவிட்டுப் பதினோராவது தடவை அழுகைக்குப் பயந்து கொடுத்தோம் என்றால், பதினொன்று வரைக்கும் அழ வேண்டும் என்றுதான் பிள்ளை படித்துக்கொள்ளும். இதை எப்படிப் புரியவைப்பது என்று யோசிக்கிறேன். ஜேசிபி வாங்கிக் கொடுத்த நானே அப்படித்தானே கற்றுக்கொடுத்தேன்.

ஜூன் 2, ஞாயிறு

சாயங்காலம் தட்டுவடை செட்டுக் கடையில் மறுபடியும் அடம். செட்டு என்றால் இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் காய்த் துருவலும் வைத்தது. காரணம், இவனுடைய செட்டை நான் இரண்டாக உடைத்துவிட்டேன். முழுசாக வேண்டும், உடைந்ததை ஒட்ட வேண்டும். கீழே விழுந்தான். வண்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்குக் காது சூடானது, பழையபடி கை அரித்தது, ஒளிக்க என்ன இருக்கிறது. ஓரமாகத் தூக்கிப் போனேன்.

கடைக்கார அம்மா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். ஏன் அழுகிறான் என்று கேட்கவில்லை, இன்னொரு செட்டு தரட்டுமா என்றும் கேட்கவில்லை, எங்களைப் பார்க்கவே இல்லை. துருவிய பீட்ரூட்டை அள்ளி வைத்துச் சட்னி தடவி அடுத்த ஆளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்தேன், அவன் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.