ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டு

ஜூன் 4
மச்சினன் இன்னைக்கு வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து "என்ன மாமா, லாரி ஓட்டுற மாதிரி இருக்கு"ன்னான். ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் வண்டிதான், அதாவது ஒரு பம்ப் ஆயிலை அழுத்தி ஸ்டியரிங்கை லேசாக்கும். கொஞ்சம் கொஞ்சமா இறுகிட்டு வந்திருக்கும் போல, தினமும் ஓட்டுற எனக்கு உறைக்கவே இல்ல, தோள்பட்டை வலிக்குதுன்னு தலகாணியை மாத்திட்டு இருந்தேன்.

ஜூன் 5
முதல்ல காத்து. முன் டயர் ரெண்டுலயும் 33 இருக்கணும், 24 தான் இருந்துச்சு, கேவலம். அடிச்சதும் துளி லேசாச்சு, அவ்ளோதான். ஸ்டியரிங் ஆயில் மேல் கோட்டு வரைக்கும் இருக்கு, நுரை இல்ல, கருகின வாடையும் இல்ல. பம்பை சுத்துற பெல்ட் நல்லா டைட்டா இருக்கு, கடைசி வரைக்கும் ஒடிச்சாலும் கீச்சுன்னு கத்தல.

ஜூன் 7
மெக்கானிக் அண்ணன் போன்லயே "பம்ப் போயிருச்சு தம்பி, மாத்திடுவோம்"னாரு. எனக்கு மனசு ஒப்பல. பம்ப் வீக்கானா நிக்கும்போதுதான் ரொம்ப கஷ்டப்படுத்தும், ஓட ஓட லேசாயிடும். இங்க ஓடும்போதும் இம்சை, அதுவும் வளைவு முடிஞ்சு கையை லூஸ் பண்ணா தானா நேருக்கு வரணும்ல, அது அப்படியே நிக்குது, நான்தான் இழுத்து நேராக்குறேன்.

ஜூன் 9
முன்பக்கம் ரெண்டு வீலையும் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஸ்டியரிங்கை மெதுவா திருப்பிப் பாத்தேன். ஒரு சுத்துக்கு ரெண்டு இடத்துல பிடிக்குது, ரெண்டு இடத்துல விடுது. பிடிக்கிற இடத்தைக் குறிக்க ஸ்டியரிங் வீல்ல டேப் ஒட்டி மறுபடி பாத்தேன், பிடிக்கிற ரெண்டு இடமும் நேரெதிர். பம்போ, கீழ சக்கரத்தைத் திருப்புற ரேக்கோ இப்படி கணக்கா அரை சுத்துக்கு ஒரு தடவை பிடிக்காது, இது ஸ்டியரிங்ல இருந்து கீழ இறங்குற தண்டுல (காலம் ஷாஃப்ட்) இருக்கிற யுனிவர்சல் ஜாயின்ட் வேலை, அதாவது ரெண்டு பக்கமும் மடங்குற இணைப்பு.

ஜூன் 10
அண்ணன் நேர்ல வந்தாரு. டேப்பைப் பாத்துட்டு ஒண்ணும் பேசல, ஸ்பேனரை எடுத்தாரு. ஏர்பேக் வண்டி, ஷாஃப்ட் கழண்டிருக்கும்போது ஸ்டியரிங் வீல் சுத்திட்டா உள்ள ஏர்பேக்குக்குப் போற சுருள் கேபிள் அறுந்துடும், அதனால நேரா வச்சு சீட் பெல்ட்டால கட்டிட்டோம், திரும்ப அதே இடத்துல மாட்ட ஷாஃப்ட்லயும் பெயின்ட்ல கோடு போட்டாச்சு. ஜாயின்ட் கைக்கு வந்ததும் மடக்கிப் பாத்தேன், ஒரு பக்கம் வழுக்கிட்டு மடங்குது, இன்னொரு பக்கம் துருப்பிடிச்ச கேட் கீல் மாதிரி முக்கி முக்கி வருது, தட்டினா ஜாயின்ட்டோட பேரிங் கப்புல இருந்து செங்கல் பொடி மாதிரி துரு கொட்டுது. மேல இருக்கிற ரப்பர் உறை (பூட்) கிழிஞ்சு அது வழியா தண்ணி இறங்கியிருக்கு.

ஆயில் அடிச்சு மாட்டிடலாமான்னு கேட்டேன். "நாலு நாள் ஓடும், அப்புறம் வளைவுல பிடிச்சா என்ன பண்ணுவ?"ன்னாரு. வாயை மூடிட்டேன்.

ஜூன் 13
புது ஷாஃப்ட், புது பூட், புது போல்ட். முதல் வளைவுல கையைத் தளர்த்தினேன், வீல் உள்ளங்கையில உரசிட்டே தானா நேருக்கு வந்து நின்னுச்சு. பம்ப் பத்தி அண்ணனும் பேசல, நானும் கேட்கல.