ஒரு 'ல்'லுக்காக எட்டு மாசம் அலைஞ்ச கதை

போன வாரம்தான் பாஸ்போர்ட் கைக்கு வந்துச்சு. கவரைப் பிரிச்சதும் போட்டோவைக்கூட பாக்கல, பேரைத்தான் விரல் வெச்சு எழுத்தெழுத்தா படிச்சேன். தையல்நாயகி. ல் இருக்கு, நடுவுல ஸ்பேஸ் இல்ல. அப்பதான் மூச்சே வந்துச்சு. எட்டு மாசம், நாலு ஆபீஸ், ரெண்டு அஃபிடவிட், லீவு போட்டு அலைஞ்ச நாள் எத்தனைன்னு கணக்கே இல்ல.

என் பேர் வைத்தீஸ்வரன்கோயில் அம்மன் பேர். எங்க பக்கம் ஒரு காலத்துல தெருவுக்கு ஒரு தையல்நாயகி உண்டு, சில வீட்ல வைத்தியநாதன், முத்துக்குமாரசாமி, தையல்நாயகின்னு சாமி குடும்பமே குடியிருக்கும். நான் பொறந்த மூணாம் மாசம் உடம்பு பூரா கட்டி கட்டியா வந்து பாலே குடிக்காம கெடந்தேனாம், அப்பாயி தூக்கிட்டுப் போயி சித்தாமிர்த தீர்த்தத்துல வெல்லம் கரைச்சுட்டு, இது பொழைச்சா உன் பேரையே வெக்கிறேன்னு வேண்டிக்கிட்டாங்க. 4448 வியாதியத் தீக்கற சாமியாச்சே, கட்டியும் அமுங்கிருச்சு. அதுவரைக்கும் எனக்கு வெச்சிருந்தது கவிதாவாம். வேண்டுதல் மட்டும் இல்லேன்னா கவிதான்னு நிம்மதியா இருந்திருப்பேன்.

பேரைச் சொன்னா எல்லாருக்கும் ஊசி நூல்தான் ஞாபகம் வரும். காலேஜ்ல என்னை 'டெய்லர்'னுதான் கூப்பிட்டாளுங்க, எனக்கு ஊசில நூல் கோக்கக்கூட வராது. பள்ளிக்கூடத்துல வேற மாதிரி. ஆத்திசூடில 'தையல் சொல் கேளேல்'னு வருதில்ல, அதை நடத்துன அன்னிலேந்து நான் வாயத் தொறந்தாலே பசங்க கோரஸா அதைத்தான் சொல்லுவானுங்க. அழுதுட்டே தமிழய்யாகிட்ட போனேன். அவர்தான் சொன்னார், தையல்னா அழகு, பெண்ணுன்னு அர்த்தம், சிவனுக்கே தையல்பாகன்னு பேர் இருக்கு, பெண்களுக்கெல்லாம் நாயகின்னு உனக்குப் பேர் வெச்சிருக்காங்க, இதுக்குப் போயி அழுவியான்னு. அந்தக் கோயில்ல அம்மன் கையில தைலப் பாத்திரம் வெச்சிருக்கறதா சொல்லுவாங்க, அதனால தைலநாயகிதான் தையல்நாயகி ஆச்சுன்னும் ஒரு பேச்சு உண்டு. வைத்தியரோட பொண்டாட்டி தைலம் வெச்சிருக்கறது பொருத்தம்தான், ஆனா எனக்கு அய்யா சொன்ன அர்த்தம்தான் புடிச்சிருக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்கார், பாஸ்போர்ட் எடுத்து வெச்சுக்கோன்னார். எடுக்கலாம்னு பேப்பரையெல்லாம் பாய் மேல பரப்புனா நாலு பொம்பளைங்க இருக்காளுங்க! பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்ல தையநாயகி. ஆதார்ல தையல், ஒரு ஸ்பேஸ், நாயகி. ஓட்டர் ஐடில தைலநாயகி. பேங்க் பாஸ்புக்லதான் உச்சம். வெறும் நாயகி. ஏன்னு கேட்டதுக்கு அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைத் திருப்பியே காட்டுச்சு. பெயர்: நாயகி. தொழில்: தையல். பத்து வருஷமா நான் அவங்க கணக்குல தையக்காரி.

ஈ சேவை மையத்துல இருந்த தம்பி ரொம்ப நல்லவன், ஆனா அவன் குடுத்த ஐடியாதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "அக்கா, எல்லாத்துலயும் நாயகி காமனா இருக்கு, பேசாம நாயகின்னே மாத்திருங்க, ஷார்ட்டா ஸ்டைலா இருக்கும்"ங்கறான். நாப்பது வருஷமா சுமந்த பேரை ஒரு கம்ப்யூட்டர் கட்டத்துக்காக வெட்டணுமா? மாட்டேன்னுட்டேன். ஆதார்ல பேரை ஆயுசுக்கு ரெண்டு தடவைதான் மாத்தலாம், ஒரு சான்ஸ் கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாத்தப் போயி காலியாயிருச்சு, அப்ப வந்ததுதான் அந்த ஸ்பேஸும். மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அதனால முதல்ல கெஜட்டுல, அதான் அரசிதழ்ல, பேர் மாத்தத்தைப் போட்டுட்டு அப்புறம் ஆதார் பக்கம் போகலாம்னு முடிவு பண்ணேன். நீங்களும் அவசரப்பட்டு ஆதார்ல கைய வெச்சுராதீங்க, எந்த ஸ்பெல்லிங் கடைசி வரைக்கும்னு முடிவு பண்ணிட்டு தொடுங்க. என் பேருக்கே கடைசி எழுத்து 'கே ஐ'யா 'ஜி ஐ'யான்னு வீட்ல ரெண்டு நாள் சண்டை.

கெஜட்டுக்கு எழுதுபொருள் அச்சுத்துறை ஃபாரம் இருக்கு, டவுன்லோட் பண்ணிக்கலாம். அதுக்கு முன்னாடி ஒருத்தர் பொறப்புச் சான்றிதழ் இருந்தா நல்லதுன்னு கெளப்பி விட்டார். அங்கதான் ஆரம்பிச்சுது. நான் பொறந்தப்ப எங்க ஊர் தஞ்சாவூர் மாவட்டம். 1991ல நாகப்பட்டினம் மாவட்டம் பிரிச்சாங்க, படிச்சதெல்லாம் அதுல. 2020ல மயிலாடுதுறை மாவட்டம். வீடு அதே வீடு, கொல்லைல அதே கெணறு, மூணு மாவட்டத்துல இருந்துட்டேன். இங்க ஒரு ஆபீஸ்ல போயி கேட்டா பழைய ரெஜிஸ்டர் எங்ககிட்ட இல்ல, நாகப்பட்டினத்துல இருக்கும்னாங்க. மூணு பஸ் மாறி அங்க போனா அந்தக் கிளார்க் ஃபைல்லேந்து தலையத் தூக்காமயே "1984னா தஞ்சாவூரும்மா"ங்கறார். சார், ஒரு தடவை பாத்துட்டு சொல்லுங்க சார்னேன். "பாத்துட்டுத்தான் சொல்றேன்"னார். அவர் பாத்தது கடிகாரத்தை, சாப்பாட்டு நேரம். கடைசில ரெஜிஸ்டர் எங்க ஊர்லேந்து அரை மணி நேர தூரத்துலயே கெடைச்சுது, அதுல பேர் இடத்துல ஒரு கோடு, பக்கத்துல 'பெண்'. அவ்ளோதான். அந்தக் காலத்துல பொறப்பை எழுதுவாங்க, பேரை யாரும் போயி சேக்க மாட்டாங்க. உங்க வீட்ல கைக்குழந்தை இருந்தா சொல்றேன், பொறந்து ஒரு வருஷத்துக்குள்ள பேரைப் பதிஞ்சா காசே கெடையாது, அப்புறம் 15 வருஷம் வரைக்கும் லேட் ஃபீஸ் கட்டிப் பதியலாம். இன்னிக்கே போங்க.

இவ்ளோ அலைஞ்சதுக்கு அப்புறம் பாத்தா எனக்கு மார்க் ஷீட்டே போதுமாம். யார்கிட்ட போயி அழ?

மார்க் ஷீட்டைக் காட்டி நோட்டரிகிட்ட அஃபிடவிட் எழுதப் போனேன். பழைய பேர் தையநாயகி, புதிய பேர் தையல்நாயகின்னதும் வக்கீல் கண்ணாடியக் கழட்டிட்டார். "ஒரு ல்லுக்காகவாம்மா கெஜட்டு?" ஆமா சார், ஒரு ல்லுக்காகத்தான். இந்த ல்லை முழுங்குனது யார்னு நெனைக்கறீங்க, பத்தாவதுல பேர் லிஸ்ட் எழுதுன டீச்சர், காதுல விழுந்த மாதிரியே எழுதிட்டாங்க. ரிட்டயர் ஆன தமிழய்யாவ வழியில பாத்தப்ப சொன்னேன், அவர் சிரிச்சுட்டு, தோன்றல் நல்லன் சேந்தா தோன்றனல்லன்னு ஆகும், அது மாதிரி தையலும் நாயகியும் சேந்தா இலக்கணப்படி தையனாயகி, ல் போறது தப்பில்ல, ஆனா றன்னகர 'ன' போடணும், தந்நகர 'ந' போட்டது ரெண்டுங்கெட்டான்னார். அதாவது மார்க் ஷீட்ல இருக்கற பேர் வழக்குலயும் சேராது, இலக்கணத்துலயும் சேராது. கெஜட்டுல ஒரு ரிமார்க்ஸ் கட்டம் இருந்தா இதையும் எழுதிருப்பேன்.

போட்டோல கையெழுத்து போட கெஜட்டட் ஆபீசர் வேணும். எங்க ஊர்ல கைக்கு எட்டுன ஒரே ஆபீசர் மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான். சினைக்கு ஊசி போட மூணு மாடு காத்துட்டு இருந்துச்சு, நான் நாலாவதா நின்னேன். பச்சை மையில அழகா போட்டுக் குடுத்தார், ஆனா சீல் போட்டோவத் தொடாம தனியா தள்ளி விழுந்துருச்சு, எனக்கும் தெரியல. ஒண்ணரை மாசம் கழிச்சு சென்னைலேந்து கவர் திரும்பி வருது. சீல் பாதி போட்டோல பாதி பேப்பர்ல இருக்கணுமாம். இன்னொண்ணு, பழைய பேர்ல போட வேண்டிய கையெழுத்த நான் புதுப் பேர்ல போட்டுருக்கேன். மறுபடியும் அஃபிடவிட், மறுபடியும் மாட்டாஸ்பத்திரி. இந்த தடவை டாக்டரே ஞாபகமா சீலை அழுத்திப் புடிச்சு குத்துனார்.

கெஜட்டுல வந்த அன்னிக்கு டவுன்லோட் பண்ணிப் படிச்சேன். தையநாயகி ஆகிய நான், சொந்த மாவட்டம் தஞ்சாவூர், இனிமேல் தையல்நாயகி என அழைக்கப்படுவேன்னு இங்கிலீஷ்ல நாலு வரி. நாப்பது வருஷமா அப்படித்தான்யா கூப்பிடறாங்கன்னு ஃபோனைப் பாத்து சத்தமாவே சொன்னேன். சொந்த மாவட்டம்கற இடத்துல மட்டும் ரொம்ப நேரம் யோசிச்சு தஞ்சாவூர்னு போட்டுருந்தேன், யாரும் கேள்வி கேக்கல. அந்தப் பக்கத்தை அன்னிக்கே பிரிண்ட் எடுத்து நாலு காப்பி வெச்சுக்கோங்க, அப்புறம் தேடி எடுக்கறது பெரிய பாடு.

அதுக்கப்புறம் ஆதார் ஈஸி. டைப் பண்றப்ப மட்டும் ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பச் சொல்லிட்டேன். அந்தப் பையன் பழக்கதோஷத்துல ல்லுக்கு அப்புறம் ஸ்பேஸ் பாரைத் தட்டுனான், "தம்பி!"ன்னு நான் போட்ட சத்தத்துல க்யூவே திரும்பிப் பாத்துச்சு. பாஸ்போர்ட் ஃபாரத்துல இனிஷியல் வெக்க முடியாது, விரிச்சுத்தான் எழுதணும், முழுப் பேரையும் கிவன் நேம்ல போட்டு வீட்டுக்காரர் பேரை சர்நேம்ல போட்டேன். தஞ்சாவூர்ல அப்பாயின்ட்மென்ட், முக்கா மணி நேரத்துல முடிஞ்சுது. போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு வந்தவர் பேரைப் படிச்சுட்டு "ப்ளவுஸ் தைப்பீங்களாம்மா"ன்னு கேட்டார். டீ குடுத்து அனுப்புனேன்.

பேங்க்லயும் கெஜட் காப்பி குடுத்து பேரைச் சரி பண்ணியாச்சு. தொழில் கட்டத்துல மட்டும் இன்னும் தையல்தான் இருக்காம், அதுக்குத் தனி ஃபாரமாம்.