டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு எந்த டிஃபரன்ஷியல் கவர்?

அமெரிக்காவில் கனரக பிக்கப் வண்டியை வைத்துக்கொண்டு டிரெய்லர் இழுப்பவர்கள் பணம் செலவிடும் கூடுதல் உதிரிபாகங்களில், பின் ஆக்ஸிலின் டிஃபரன்ஷியல் கவருக்குத் தனி இடம் உண்டு. இன்ஜினின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதிதான் டிஃபரன்ஷியல், அதன் பின்புறத்தை அடைப்பது இந்தக் கவர். தொழிற்சாலையிலிருந்து வரும் தகட்டுக் கவரைக் கழற்றிவிட்டு, துடுப்புகள் வரிசையாக நிற்கும் தடித்த அலுமினியக் கவரைப் பூட்டினால் ஆயில் குளிர்ச்சியாக இருக்கும், கியர் நெடுநாள் உழைக்கும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும் என்பது விற்பவர்களின் வாதம். இவற்றில் மூன்றாவதை நான் மறுக்கவில்லை. என்னுடைய செவ்ரோலே சில்வராடோ 2500 எச்டி வண்டிக்கு ஒரு கவர் தேர்ந்தெடுத்தபோது முதல் இரண்டையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளியே தெரியும் துடுப்புகளைவிட உள்ளே மறைந்திருக்கும் வளைவுதான் முக்கியம் என்பதே என் முடிவு.

இந்தக் கவர் எல்லா வண்டிகளிலும் இருப்பதில்லை. நம் ஊரின் பெரிய லாரிகளில் பெரும்பாலும் கிரவுன் என்ற பெரிய வளையக் கியரும் அதைச் சுழற்றும் பினியன் என்ற சிறிய கியரும் முன்பக்கமாகவே ஹௌசிங் எனப்படும் கூட்டிலிருந்து வெளியே வரும். பின்னால் தெரியும் குமிழ் ஹௌசிங்கோடு பற்றவைக்கப்பட்டது, அதைக் கழற்றும் பேச்சே இல்லை. அமெரிக்கப் பிக்கப்புகளின் ஆக்ஸிலில் கியர்கள் நடுவிலுள்ள வார்ப்பிரும்பு ஹௌசிங்குக்குள் நேரடியாக அமர்ந்திருக்கும், பின்வாயைப் போல்ட் போட்ட ஒரு மூடி அடைத்திருக்கும். 2001 முதல் சில்வராடோ 2500 எச்டியிலும் 2003 முதல் ராம் 2500, 3500 வண்டிகளிலும் வந்த அமெரிக்கன் ஆக்ஸில் நிறுவனத்தின் 11.5 அங்குல ஆக்ஸிலில் அந்த மூடிக்கு 14 போல்ட்டுகள். இரண்டு நிறுவனங்களின் வண்டிகளுக்கும் ஒரே கவர் விற்கப்படுவதைப் பார்த்துக் குழம்பத் தேவையில்லை; காரணம் இந்தப் பொது ஆக்ஸில்தான். ஆனாலும் மாடல் ஆண்டையும் ஆக்ஸிலின் அளவையும் சரிபார்க்காமல் வாங்கக் கூடாது. வண்டியின் பெயர் ஒன்றாக இருந்தும் இன்ஜினைப் பொறுத்து ஆக்ஸில் மாறுவது உண்டு.

மூடி என்று சொல்லிவிட்டேன், ஆனால் மூடுவது அதன் வேலையில் பாதிதான். வண்டி முன்னே செல்லும்போது கிரவுன் கியரின் அடிப்பகுதி ஆயிலுக்குள் மூழ்கிப் பின்னோக்கி நகர்ந்து, கவரின் உட்புறத்தை ஒட்டியபடி மேலேறி, உச்சியில் முன்னோக்கித் திரும்புகிறது. அது வாரி எடுத்து வீசும் ஆயில், கவரின் உள்வளைவைத் தடவிக்கொண்டே மேலே போய், கியருக்கு மேலாகத் தாவி, முன்பக்கத்தில் பினியன் பேரிங்குகளுக்குச் செல்லும் வாய்க்காலில் விழ வேண்டும். இந்த ஆக்ஸிலுக்குள் ஆயில் பம்ப் கிடையாது. சுழலும் கியரும் அதைச் சுற்றி வளைந்த சுவரும் சேர்ந்துதான் பம்ப். தொழிற்சாலைக் கவர் வெறும் அழுத்தித் தட்டிய தகடாகத் தோன்றினாலும் அதன் குமிழ் வடிவம் கிரவுனின் வட்டத்தை ஒட்டி அமைந்திருப்பது தற்செயல் அல்ல.

சந்தையில் கிடைக்கும் வார்ப்பு அலுமினியக் கவர்களில் பலவற்றின் முதுகு தட்டையானது. துடுப்புகளை நேர்வரிசையில் வைக்கவும், கூடுதல் ஆயிலுக்கு இடம் விடவும், நிறுவனத்தின் பெயரைப் பெரிதாகப் பொறிக்கவும் அந்தத் தட்டை முதுகு வசதியாக இருக்கிறது. ஆனால் கியரிலிருந்து வேகமாக வரும் ஆயில் தட்டைச் சுவரில் மோதினால் வழுக்கி மேலேறாமல் சிதறித் திரும்பும், காற்றோடு கலந்து நுரைக்கும். நுரைத்த ஆயில் பேரிங்கில் படலமாக நிற்பதும் குறைவு, வெப்பத்தைக் கடத்துவதும் குறைவு. கலிபோர்னியாவின் அசூசாவில் டீசல் வண்டிகளுக்கான பாகங்கள் செய்யும் கேல் பேங்க்ஸ், ஒளி ஊடுருவும் கவரைப் பொருத்தி ஆக்ஸிலைச் சுழலவிட்டு, இந்த ஓட்டத்தைக் கண்ணால் பார்க்கும்படி படம்பிடித்துக் காட்டினார். அவரும் பிறகு தம் நிறுவனத்தின் பெயரில் வளைந்த முதுகுள்ள கவர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தவர் என்பதால், அவர் சொல்லும் எண்களை வியாபாரியின் எண்களாகவே எடுத்துக்கொள்கிறேன். எண்கள் எப்படியிருந்தாலும் வாதத்தின் அடிப்படை சரியானது: வளைவு ஆயிலை வழிநடத்தும், தட்டைச் சுவர் அதைத் தடுக்கும்.

இனி வெப்பத்துக்கு வருகிறேன். இந்தக் கிரவுனும் பினியனும் சேர்ந்த ஹைப்பாய்டு வகைக் கியர்களில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு சறுக்கவும் செய்வதால் இழப்பு அதிகம். மலையேற்றத்தில் ஆக்ஸிலுக்குள் 150 கிலோவாட் போய்க்கொண்டிருந்து, அதில் 3 சதவீதம் வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், நாலரை கிலோவாட் வெப்பம் அந்தச் சிறிய ஹௌசிங்குக்குள் பிறக்கிறது. கவரின் பரப்பு ஏறத்தாழ 0.1 சதுர மீட்டர். ஆக்ஸிலுக்குப் பின்னால், ஹௌசிங்கின் மறைவில், காற்று சரியாகப் பாயாத இடத்தில் அது அமர்ந்திருக்கிறது. ஆயிலுக்கும் வெளிக்காற்றுக்கும் 60 டிகிரி செல்சியஸ் வேறுபாடு இருந்தாலும் துடுப்பில்லாத கவர் வெளியேற்றக்கூடியது இருநூறு வாட் அளவுக்குத்தான் வரும். துடுப்புகள் அதை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆக்கினாலும் மொத்த வெப்பத்தில் பெரும்பகுதியை ஹௌசிங்கும் இருபுறக் குழாய்களும்தான் சுமக்கின்றன.

அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்ற விளம்பர வாசகம் உண்மைதான். ஆனால் இங்கே அதற்கு மதிப்பு மிகக் குறைவு. ஐந்நூறு வாட் வெப்பம் இரண்டரை மில்லிமீட்டர் எஃகுத் தகட்டைக் கடப்பதற்கு உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் தேவைப்படும் வேறுபாடு கால் டிகிரி செல்சியஸ். அதை மூன்றில் ஒன்றாகக் குறைத்து யாருக்கு என்ன லாபம்? தடை தகட்டில் இல்லை, தகட்டிலிருந்து காற்றுக்குப் போகும் இடத்தில் இருக்கிறது. இந்த வகையில் துடுப்புக்குப் பயன் உண்டு, அலுமினியம் என்ற உலோகத்துக்குத் தனியே பயன் இல்லை. கறுப்புப் பூச்சுக்கும் பளபளக்கும் பூச்சுக்கும் இடையே நடக்கும் விவாதங்களை நான் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

கூடுதல் ஆயில் கொள்ளளவு என்பது அடுத்த கவர்ச்சி. ஒரு லிட்டர் கியர் ஆயிலை ஒரு டிகிரி சூடாக்க இரண்டு கிலோஜூலுக்கும் குறைவான வெப்பம் போதும். கியர்களும் ஹௌசிங்குமாகச் சேர்ந்த நூறு கிலோ இரும்புக்கு ஏறத்தாழ 46 கிலோஜூல் வேண்டும். ஆகவே கூடுதலாக ஊற்றிய அந்த ஒரு லிட்டர், சூடேறும் வேகத்தைக்கூடப் பெரிதாகக் குறைக்காது. ஆயில் கடைசியில் எந்த வெப்பநிலையில் போய் நிற்கும் என்பதை அது தீர்மானிப்பதும் இல்லை. தேய்மானத் துகள்கள் அதிக ஆயிலில் பரவி நிற்கும், ஆயிலில் கலந்துள்ள சேர்க்கைப் பொருட்கள் சற்று மெதுவாகத் தீரும் என்பவை நியாயமான நன்மைகள்தாம், ஆனால் ஆயிலை உரிய காலத்தில் மாற்றுகிறவருக்கு அவை பெரிய விஷயமல்ல.

கொள்ளளவு ஒரு வம்பையும் கூடவே கொண்டுவரும். ஆக்ஸிலில் ஆயில் மட்டம் எங்கே நிற்க வேண்டும் என்பதை வண்டி நிறுவனம் தீர்மானித்திருக்கிறது. சில வண்டிகளில் அது நிரப்பும் துளையின் விளிம்புக்குச் சற்றுக் கீழேயே இருக்கும். புதிய கவரின் துளை உயரமான இடத்தில் அமைந்திருந்து, வழியும் வரை ஊற்றினால், கிரவுன் கியர் தேவைக்கு மேல் ஆழமாக மூழ்கிச் சுழலும். ஆயிலைக் கடைவதே ஒரு வெப்ப மூலம். குளிர்ச்சிக்காக வாங்கிய கவர் சூட்டைக் கூட்டுவது இந்த வழியில்தான். அதோடு ஆக்ஸிலின் உள்காற்றை வெளியேற்றும் மூச்சுக்குழாய் வழியாகவும் பினியன் சீல் வழியாகவும் கசிவு தொடங்கலாம். கூடுதல் கொள்ளளவு வேண்டுமென்றால் அது மட்டத்துக்குக் கீழே, பின்னோக்கி இருக்க வேண்டும். டிப்ஸ்டிக் உள்ள கவர்களை நான் விரும்புவது இதனால்தான், ஆனால் அந்தக் குச்சியின் குறியும் வண்டிக் கையேட்டின் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று முதல்முறை அளந்து பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, தொழிற்சாலைக் கவர் உண்மையிலேயே போதாதா? இழுவைத் திறனை அறிவிப்பதற்காக எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த ஜே2807 நடைமுறை 2008இல் வெளியானது. அதன் கடினமான பகுதி, அரிசோனாவில் மாநில நெடுஞ்சாலை 68இல் உள்ள டேவிஸ் டேம் ஏற்றம். 11.4 மைல் தூரத்தில் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தை, குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழுவீச்சில் ஓடவிட்டபடி, அறிவிக்கப்போகும் முழு எடையையும் இழுத்துக்கொண்டு, வேகம் வரம்புக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். இந்த நடைமுறையின்படி எடை அறிவிக்கப்பட்ட வண்டி ஒவ்வொன்றும் அதன் சொந்தத் தொழிற்சாலைக் கவரோடுதான் தேறியிருக்கிறது. அறிவித்த எடைக்குள் இழுப்பவர், கியர் ஆயிலை உரிய தவணையில் மாற்றுகிறவர், கவரை மாற்றியே ஆகவேண்டிய நிர்ப்பந்தத்தில் இல்லை என்பது என் கருத்து.

பிறகு ஏன் நான் வாங்கினேன்? குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட மாநிலங்களில் தகட்டுக் கவர் ஓரங்களில் துருப்பிடித்து உதிர ஆரம்பிக்கும்; ஊசித்துளை வழியாக ஆயில் கசிந்த பிறகுதான் பலர் குனிந்து பார்ப்பார்கள். என் கவரும் அந்த நிலையை நெருங்கிக்கொண்டிருந்தது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால், அதே வகைத் தகட்டை வாங்குவதா, சில வசதிகளோடு வருவதை வாங்குவதா என்பதே என் முன்னிருந்த கேள்வி. என்னைப் பொறுத்தவரை வசதிகளில் முதலாவது, வெப்பமானி பொருத்தும் துளை. ஆயில் சூடாகிறதா என்று ஊகிப்பதற்குப் பதிலாகப் பார்த்துவிடலாம். எண்ணெயின் வெப்பநிலை பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் அது ஆக்சிஜனேற்றம் அடையும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்ற பழைய பொறியியல் கணக்கை வைத்துக்கொண்டு, கோடை மலைப்பயணங்கள் அதிகமான ஆண்டில் தவணையை முன்கூட்டியே நகர்த்த அந்த எண் உதவும். இரண்டாவது, கீழே ஆயில் வடிக்கும் பிளக். அடுத்தது அந்தப் பிளக்கின் நுனியிலுள்ள காந்தம். அதில் சாம்பல் நிறக் குழம்பாக ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம், விரலில் நெருடும் செதிலாக இருந்தால் ஆக்ஸிலைத் திறக்க வேண்டிய நேரம்.

தடித்த கவர் ஆக்ஸிலை வலுப்படுத்தும் என்ற பேச்சையும் கேட்கலாம். பேரிங் மூடிகளைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடிக்கும் போல்ட்டுகள் கொண்ட கவர்கள் உண்டு. அவை நின்ற நிலையிலிருந்து திடீரென்று முழு விசையும் இறங்கும் பந்தயக் கார்களின் சிறிய ஆக்ஸில்களுக்குப் பொருத்தமானவை. டிரெய்லர் இழுப்பதில் சுமை சீராகத்தான் ஏறுகிறது. பாறைகளில் ஏறி இறங்குபவர் வார்ப்பிரும்புக் கவர் வாங்கட்டும். நெடுஞ்சாலையில் போகிறவருக்கு அந்த எடை வீண்.

விலை 150 டாலர் அளவில் தொடங்கி 500ஐத் தாண்டியும் போகிறது, விலைக்கும் உள்வளைவின் தரத்துக்கும் நேரடித் தொடர்பு எதையும் நான் காணவில்லை. ஆகவே உட்புறப் படத்தைக் காட்டாத விளம்பரங்களை முதலிலேயே ஒதுக்கினேன். பழைய கவரின் குழிவைப் போலவே வளைந்த உட்புறம், வண்டி நிறுவனத்தின் மட்டத்தையே பின்பற்றும் நிரப்பும் துளை, வெப்பமானித் துளை, காந்தப் பிளக் ஆகிய நான்கும் இருந்த, நடுத்தர விலைக் கவர் ஒன்றை எடுத்தேன். வாங்குவதற்கு முன் ஸ்பேர் டயருக்கும் கவருக்கும் இடையிலுள்ள இடைவெளியை, சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது எவ்வளவு மிஞ்சும் என்று கணித்து, அளந்து பார்த்தேன். பின்னால் குறுக்குத் தண்டு உள்ள வண்டிகளில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும்.

பொருத்துவதில் சொல்ல அதிகமில்லை. ஹௌசிங்கின் முகத்தைப் பழைய பசை துளியும் இல்லாமல் சுரண்டும்போது துகள்கள் உள்ளே விழாமல் துணி அடைத்துக்கொள்ள வேண்டும். சிலிக்கோன் பசையைவிட, உலோக நடுத்தகட்டில் ரப்பர் வரம்பு பதித்த, திரும்பப் பயன்படுத்தக்கூடிய கேஸ்கெட்டை நான் தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் அடுத்த முறை சுரண்டும் வேலை இருக்காது. அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவடையும் உலோகம், ஆகையால் போல்ட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக, டார்க் ரெஞ்ச் கொண்டு கவர் நிறுவனம் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கி, முதல் நீண்ட இழுவைக்குப் பிறகு ஆறிய நிலையில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஒரு சக்கரம் வழுக்கினால் இரண்டையும் தானாகப் பூட்டும், செவ்ரோலேயின் ஜி80 லாக்கர் உள்ள ஆக்ஸிலாக இருந்தால், வழுக்கலைச் சீராக்கும் சேர்க்கைப் பொருளை ஆயிலில் கலக்கக் கூடாது. சில கவர்களோடு இலவசமாக வரும் சிறு பாட்டிலைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

உத்தரவாதம் போய்விடுமே என்று அஞ்சுபவர்களுக்கு ஒன்று. 1975ஆம் ஆண்டின் மேக்னுசன்–மாஸ் சட்டப்படி, வெளி நிறுவனத்தின் பாகம் பூட்டப்பட்டிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வண்டி நிறுவனம் உத்தரவாதத்தை மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது ஏற்பட்டது என்றால் மறுக்கலாம். பினியன் பேரிங் ஆயில் கிடைக்காமல் எரிந்துபோய், பின்னால் தட்டை முதுகுக் கவர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால், அந்த வாதம் யார் பக்கம் சாயும் என்று சொல்வது கடினம். ஆகவே உத்தரவாதக் காலம் முடியாத வண்டியின் பழைய கவரைத் தூக்கி எறியாமல் கராஜில் வைத்திருங்கள்.